சரிந்தது, எல்லோரும் நலம்

நுகுயி ஊரைவிட்டுப் போனது டிசம்பரின் முதல் வியாழக்கிழமை. அந்த ஆண்டின் முதல் கனத்த பனி ஒகுஸாவா பள்ளத்தாக்கில் இறங்கியதும் அன்றுதான். கோடை முழுக்கப் பனிக்காகக் காத்துக் கிடக்கும் ஆள், பனி வந்த காலையிலேயே பேருந்து ஏற வேண்டியதாயிற்று. தொத்தோரியில் அவனுடைய மாமனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். பேரிக்காய்த் தோட்டத்தைப் பார்க்க வேறு ஆளில்லை.

வழியனுப்ப வந்தவள் தமாகி மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் அவரவர் வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார்கள்.

"காலையில ஏழு மணிக்குள்ள பனி அறிக்கைய போட்டுடு. லேட்டாச்சுன்னா நேத்து எழுதினதையே படிச்சுட்டு மலை ஏறிடுவாங்க" என்றான் நுகுயி.

"அஞ்சு வருஷமா அதை டைப் அடிச்சவளே நான்தான். எனக்கே பாடம் எடுக்கறியா?"

"டைப் அடிக்கறது வேற. இன்னிக்கு ஆபத்து மூணாம் நிலையா நாலாம் நிலையான்னு முடிவு எடுக்கறது வேற."

"நீ போய் பேரிக்காய்க்கெல்லாம் பனிச்சரிவு எச்சரிக்கை குடு. இங்க நான் பாத்துக்கறேன்."

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். பேருந்து திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியை விரல்நுனியால் மெல்லத் தட்டினான். பனிக்குழி தோண்டி, ஒரு பனித்தூணை வெட்டி நிறுத்தி, எந்த அடுக்கில் உடைகிறது என்று பார்க்கத் தட்டுவார்களே, அதே தட்டு. தமாகி அழவில்லை. அழுதால் இமையில் உறைந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தமாகி ஒகுஸாவாவில் பிறந்தவள் அல்ல. நகோயாவில் ஒரு அச்சகத்தில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்களைப் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற ஒரு சொல்லில் ஆள் பிழைப்பதும் போவதும் இருக்கிறது என்று அங்கே படித்துக்கொண்டாள். பனிச்சறுக்கு பழக வந்த இடத்தில் தோகுஜியைப் பார்த்தாள். அவனுடைய குடும்பம் நடத்திய சின்ன விடுதியில் சோறு நன்றாக இருந்தது. இரண்டில் எதற்காகத் தங்கினாய் என்று யாராவது கேட்டால், "சோறுதான், வேறென்ன" என்பாள். தோகுஜியும் அதையே ஒப்புக்கொள்வான்.

விடுதியின் பின்னறையில்தான் 'ஒகுஸாவா பனித் தகவல்' நடந்தது. நுகுயி மலையில் குழி தோண்டிக் கண்டதைச் சொல்வான். தமாகி அதை நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதி இணையத்தில் ஏற்றுவாள். பிறகு அவளும் பயிற்சிகளுக்குப் போய்க் குழி தோண்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு பேரும் மாறி மாறித் தோண்டுவார்கள். ஆனால் பக்கத்தின் அடியில் பெயர் அவனுடையதாக இருந்தது. வசவு வந்தால் அதுவும் அவனுக்குத்தான் போகும். இப்போது பெயரும் வசவும் அவளுக்கே என்று ஆனது.

தனியாக என்று சொல்லிவிடவும் முடியாது. விடிவதற்கு முன்பே சறுக்குத் தளத்தைச் சமன்செய்யும் வண்டியிலிருந்து ஒபினாத்தா கூப்பிடுவார். "மேல முழங்கால் வரைக்கும் புதுசு. காத்து மேற்கு. எனக்குக் காபி கிடையாது" என்று மூன்றே வாக்கியம். கணவாய்ச் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண், வளைவுகளில் பனி எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று படம் அனுப்புவாள். தோகுஜி கூரையில் ஏறிப் பனி தள்ளிக்கொண்டே, "மேல சக்கரை மாதிரி உதிருது, கீழ கல்லு மாதிரி இருக்கு, நடுவுல என் முதுகு" என்று கத்துவான். இவற்றையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, மலையில் தான் கண்டதையும் சேர்த்து, அவள் அன்றைய பத்து வரிகளை எழுதுவாள். யாரும் இதற்குக் கூலி கேட்டதில்லை. ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்து ஒருமுறை தலை குனிவாள். யாருக்கு என்று அவளுக்கே தெரியாது.

அந்த இணையதளத்தில் ஒரு பக்கம் இருந்தது. மலையில் சரிவு எதையாவது கண்டவர்களும், தாங்களே தெரியாமல் ஒன்றைக் கிளப்பிவிட்டவர்களும் வந்து சொல்வதற்கான பக்கம். நுகுயி ரொம்ப ஒழுங்காக அமைத்தது. பெயர், விலாசம், தொலைபேசி, இடம், நேரம் எல்லாம் கேட்கும். கடைசியில் பெரிய பெட்டி ஒன்று: 'என் தவறு என்ன, இனி எப்படி நடந்துகொள்வேன்.' பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைத்த நாளிலிருந்து எல்லோரும் எழுதிப் பழகிய அதே பத்திதான். அது நிரம்பாவிட்டால் அனுப்பும் பொத்தான் வேலை செய்யாது. அதில் தப்பாக எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. அந்தப் பக்கத்துக்கு வாரக்கணக்கில் யாரும் வருவதுமில்லை. இந்த ஊர் மலை சாது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் விடாமல் பனி கொட்டி ஓய்ந்த ஒரு ஞாயிறு. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. முன்மதியத்தில் ஒபினாத்தா கூப்பிட்டார். அன்றைக்குக் காபிப் பேச்சு இல்லை.

"காக்கை ஓடையில சரிஞ்சிருக்கு, தமாகி சான். பெருசு. மேலேருந்து ரெண்டு சறுக்குத் தடம் உள்ள போகுது. வெளிய வர்றது தெரியல."

ஊர்த் தீயணைப்புக் கொட்டகையில் ஆட்கள் கூடினார்கள். விடுதிக்காரர்கள், கடைக்காரர்கள், தச்சர் ஒருவர். தேடுதல் படை என்று தனியாக ஒன்று கிடையாது, அவர்கள்தான் அது. தலைவர் மோன்மா, சறுக்குப் பலகை வாடகைக் கடை வைத்திருப்பவர், பருத்த உடம்பு, எப்போதும் வாயில் ஒரு மிட்டாய். தோகுஜி பூட்ஸின் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தான்.

தமாகி தொலைநோக்கி வழியாக எடுத்த படங்களை மோன்மாவிடம் காட்டினாள். "பாதிதான் வந்திருக்கு. மேல் பாதி இன்னும் தொங்குது. அதுக்கு அடியில போய் நிக்கக் கூடாது."

"உள்ள ஆள் இருந்தா?"

"இருக்காங்கன்னு தெரியாதே."

"இல்லன்னும் தெரியாதே, தமாகி சான்." மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "கணவாயில வண்டிங்க நிறைய நிக்குது. எது யாருதுன்னு போலீஸ் பாக்கறதுக்குள்ள, இருக்கறவனுக்கு மூச்சு நின்னுடும். நீ ஒண்ணு பண்ணு. அந்த ரெண்டு பேர் எங்கயாவது உக்காந்து சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு இருந்தா, வாயத் திறந்து சொல்லச் சொல்லு."

தோகுஜி வெளியே போகும்போது அவள் தோளைத் தொட்டான். "சாயந்திரம் ஆறு பேர் ரூம் சொல்லியிருக்காங்க. அரிசி ஊற வச்சுடு" என்றான். பயத்தை அவன் எப்போதும் அரிசியாகத்தான் பேசுவான்.

அவள் இணையதளத்தின் உச்சியில் சிவப்பில் எழுதினாள். காக்கை ஓடையில் இன்று சறுக்கியவர்கள் நீங்களானால் உடனே தெரிவியுங்கள், ஊர் ஆட்கள் உங்களைத் தேடி மலை ஏறுகிறார்கள். தெரிவிக்க இங்கே அழுத்தவும். அழுத்தினால் நுகுயியின் அந்தப் பக்கம் திறக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் அறிவிப்பைப் படித்தார்கள். பதில் வரவில்லை.

பிற்பகலில் மேல் பாதியும் இறங்கிவிட்டது. காவலுக்கு நின்றவன் ஊதல் ஊத, எல்லோரும் ஓரத்துக்கு ஓடினார்கள். கடைசியாக ஓடிய மோன்மாவை மட்டும் அது வாரிக்கொண்டு போய் ஒரு மரத்தில் மோதவிட்டது. இடுப்புவரை புதைந்தவரைத் தோகுஜியும் தச்சரும் தோண்டி எடுத்தார்கள். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. இருட்டும் நேரத்தில் போலீஸ் சொன்னது: கணவாயில் நின்ற வண்டிகள் எல்லாம் கிளம்பிவிட்டன, எங்கும் யாரும் காணாமல் போகவில்லை. அந்தப் பனிக்கு அடியில் ஆளே இருக்கவில்லை.

ஊர் கொதித்தது. பெரிய விடுதியின் சொந்தக்காரி ஹாத்சுயே அம்மாள் தமாகியின் சமையலறைக்கே வந்து நின்றாள். "உங்க கம்ப்யூட்டர்ல தெரியுமில்ல, யாரு வந்தாங்க போனாங்கன்னு? கண்டுபிடிங்க. வந்து மோன்மா சான் கால்ல விழட்டும். அவர் கால் இப்ப வசதியா நீட்டிட்டுத்தானே இருக்கு."

யார் என்று அது காட்டாது. எந்தப் பக்கம், எப்போது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது, எந்தப் பெட்டிவரை போனது, திறந்தது ஒரே கருவியா என்று மட்டுமே காட்டும். அன்றைய கணக்கைத் திறந்து பார்த்த தமாகி, மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பக்கத்தை அன்று ஒருவர் திறந்திருக்கிறார், ஒபினாத்தா கூப்பிடுவதற்கும் முன்பே. ஊரில் ஒருவருக்கும் செய்தி தெரியாத நேரம் அது. வெகுநேரம் திறந்து வைத்திருந்து மூடியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்திருக்கிறார். ஆட்கள் மலை ஏறும்போது மீண்டும் ஒருமுறை. பிறகும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கடைசிப் பெட்டிவரை வந்து, அங்கே நின்று, திரும்பியிருக்கிறார்.

ஊரை ஏமாற்றிவிட்டு ஓடிய ஆள் இப்படிச் செய்யமாட்டார். இவர் நாள் முழுக்கச் சொல்லத்தான் பார்த்திருக்கிறார். என் தவறு என்ன என்று கேட்ட பெட்டிக்கு முன்னால் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். பெட்டி இருந்ததோ தமாகியின் தளத்தில்.

மருத்துவமனையில் மோன்மாவின் கால் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தமாகி கதவருகிலேயே மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"எந்திரி எந்திரி, நர்ஸ் பாத்தா நான் ஏதோ கடன் குடுத்தவன்னு நினைச்சுக்குவாங்க" என்றார் மோன்மா. அவள் சொல்லி முடிக்கும்வரை மிட்டாயைக் கடிக்காமல் கேட்டார். பிறகு சிரிக்கப் பார்த்து, கால் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அந்தப் பெட்டிய நானே நிரப்பியிருக்க மாட்டேன். போன வருஷம் என் வேனை வாய்க்கால்ல இறக்கினேன் பாரு, பனி தள்ற வண்டி இடிச்சுதுன்னு இன்னிவரைக்கும் என் பொண்டாட்டி நம்பிட்டு இருக்கா."

"சிரிக்காதீங்க, மோன்மா சான். உங்க கால்..."

"என் கால் இருக்கட்டும். கேளு. கடைக்கு ஒருத்தன் பலகைய உடைச்சு எடுத்துட்டு வர்றான். 'எப்படி உடைச்சே?'ன்னு கேட்டேன்னு வை, அடுத்தவன் உடைச்சதும் ராத்திரி வாசல்ல சாத்தி வச்சுட்டு ஓடிடுவான். அதனால நான் முதல்ல என்ன சொல்லுவேன்? 'திருப்பிக் கொண்டாந்தீங்களே, ரொம்ப நன்றி. அடி ஏதும் படலையே?' அவ்வளவுதான். உக்காந்து முழுக் கதையும் அவனே சொல்லுவான். எந்தப் பாறை, எந்த வளைவுன்னு. நமக்கு அதுதானே வேணும்?"

திரும்பும் வழியில் பேருந்திலிருந்தே நுகுயியைக் கூப்பிட்டாள். தொத்தோரியில் பேரிக்காய் மரங்களுக்குக் கத்தரிக்கும் காலம். கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அது நின்றுவிட்டது.

"அந்தப் பெட்டிய வச்சப்போ எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு தெரியுமா?" என்றான் கடைசியில்.

"எனக்கும்தான். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லன்னு."

"எடுத்துடு, தமாகி. எல்லாத்தையும் எடுத்துடு. பேரையும் கேக்காத."

அவள் எடுத்தாள். முழுப் பக்கத்துக்கும் ஒரே ஒரு பெரிய பொத்தான் வைத்தாள்: 'சரிந்தது. எல்லோரும் நலம். தேட வர வேண்டாம்.' அதற்குக் கீழே இடத்தைத் தொட்டுக் காட்ட ஒரு வரைபடம். இஷ்டமிருந்தால் எழுத ஒரு வரி. எல்லாவற்றுக்கும் மேலே, 'சொன்னதற்கு நன்றி.'

ஊர்க் கூடத்தில் இதற்காகவே கூட்டம் போட்டார்கள். ஊறுகாயும் தேநீரும் சுற்றிவந்தன. ஹாத்சுயே அம்மாள் கைக்குட்டையை மடியில் மடித்துக்கொண்டே தொடங்கினாள்.

"தப்பு பண்ணினவனுக்கு நாம நன்றி சொல்லணுமா? அடுத்தது என்ன, சாக்லேட்டா?"

"சாக்லேட் குடுத்தா சொல்லுவாங்கன்னா அதையும் குடுக்கலாம்" என்றாள் தமாகி. "அன்னிக்கு அந்த ஆளு சொல்லியிருந்தா நம்ம ஆளுங்க அந்தச் சரிவுக்கு அடியிலயே போயிருக்க மாட்டாங்க. என் வீட்டுக்காரரும் அங்க நின்னாரு. அடுத்த தடவை வேற யாரோட வீட்டுக்காரரோ. எனக்கு அவங்க மன்னிப்பு வேண்டாம், அம்மா. அவங்க வாயத் திறந்தா போதும்."

"வெட்கங்கெட்டுப் போயிடும் ஜனங்க."

மூலையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த மோன்மா தொண்டையைச் செருமினார். "வெட்கப்பட்டாங்களே, அதான் இப்படி ஆச்சு. உடைஞ்சது என் கால். அது தமாகி சான் பக்கம் ஓட்டுப் போடுது."

யாரும் ஆம் என்று சொல்லவில்லை. 'இந்தக் குளிர்காலம் முடியற வரைக்கும் பாப்போம்' என்று கலைந்தார்கள். அந்த ஊரில் அதற்கு ஆம் என்றுதான் அர்த்தம்.

அந்தக் குளிர்காலம் முடியும்வரை பொத்தானை அழுத்தியது ஒரே ஒருவர். அவர் எழுதியது: கூரையிலிருந்து விழுந்த பனி மாமியாரின் செடிகளை நசுக்கிவிட்டது, எல்லோரும் நலம், செடிகளைத் தவிர. யாரோ விளையாடியிருந்தார்கள். தமாகி அதன் கீழேயே அதற்கும் நன்றி எழுதினாள். கூரைப் பனி எந்த நேரத்தில் விழுந்தது என்றும் கேட்டாள். சரியான நேரம் பதிலாக வந்தது, வெயில் ஏறியதும் தெற்குக் கூரை என்று. மறுநாள் அறிக்கையில் அதைச் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதிகள் வரத் தொடங்கின. நடந்தபோது காலடியில் பனி உள்ளே இறங்கி 'உம்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னது ஒன்று வழுக்கியது, முழங்கால் அளவு, நான்தான் கிளப்பினேன். பயந்து திரும்பிவிட்டேன், இதையும் சொல்லலாமா? சொல்லலாம், சொல்லலாம் என்று தமாகி எழுதினாள். திரும்பி வந்தவர்களின் சேதிகள்தான் அவளுக்கு அதிகம் பிடித்தன. நடக்காமல் போன ஒன்றைப் பற்றி யாரும் செய்தித்தாளில் போடமாட்டார்கள். இங்கே வந்து சொல்கிறார்கள். காலை உணவின்போது தோகுஜிக்குப் படித்துக் காட்டுவாள்.

"இவன் யாரு, பயந்து திரும்பிட்டானே, இவனுக்கு நம்ம விடுதியில ஒரு வேளை சோறு இலவசம்" என்பான் தோகுஜி.

"பேரே போடலையே."

"அப்ப வர்றவங்க எல்லாருக்கும் ஒரு கரண்டி கூடப் போடு. அதுல அவனும் இருப்பான்."

அவள் போட்டாள். அந்த இரண்டு சறுக்குக்காரர்கள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவள் தேடவும் இல்லை. அன்று பெட்டிவரை வந்து வந்து திரும்பிய அந்த ஆளிடம் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. சில நாள் அறிக்கையை ஏற்றிவிட்டுத் தலை குனியும்போது, அந்த ஆளுக்குத்தான் குனிகிறோமோ என்று இருக்கும். மலையில் எந்தப் பக்கம் எப்போது பொறுமை இழக்கிறது என்று இப்போது அவளுக்கு ஊர்பேர் தெரியாதவர்கள் நூறு பேர் தினமும் வந்து சொல்கிறார்கள். அவர்கள் தன் கண்களைப் பெருக்கிவிட்டார்கள் என்று ஒருமுறை நுகுயிக்கு எழுதினாள். 'எனக்கு இங்கே பேரிக்காய்தான் பெருகியது' என்று அவன் ஒரு பெட்டி அனுப்பிவைத்தான்.

ஆனால் பெரிய சரிவு ஒன்றைக் கிளப்பியவர் இன்னும் யாரும் சொல்லவில்லை. சின்னதைச் சொல்வது சுலபம். ஊரே நிமிர்ந்து பார்க்கும்படி ஒன்று இறங்கும்போது சொல்வார்களா? அது நடக்கும்வரை தெரியாது; நடக்க வேண்டும் என்று விரும்பவும் முடியாது.

நடந்தது நான்காவது குளிர்காலத்தில், பிப்ரவரியில். அன்று காலை மூன்றாம் நிலை என்றும், கிழக்குச் சரிவுகளில் புதைந்த பலவீன அடுக்கு இன்னும் உறங்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். நண்பகலில் ஒபினாத்தா கூப்பிட்டார். "பால்பானை மேட்டுக்குக் கிழக்க. பெருசு, ரொம்பப் பெருசு. தடம் மூணு உள்ள போகுது." கொட்டகைக்குள் ஆட்கள் ஓடிவந்தார்கள். மோன்மா இப்போது மலை ஏறுவதில்லை. காலை இழுத்துக்கொண்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். தோகுஜி குனிந்து பூட்ஸின் கொக்கியை மாட்டினான். வெளியே ஹாத்சுயே அம்மாள் சோற்றுருண்டைக் கூடையோடு வந்து நின்றாள்.

தமாகி கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்கப் பயந்து, கதவோரப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அதிர்ந்தது. பொத்தானை அழுத்தியவர்கள் அதோடு நிற்கவில்லை. இஷ்டமிருந்தால் எழுதும் வரியையும் நிரப்பி, இடம் போதாமல் தொடர்ந்திருந்தார்கள். கேட்காத பெயரையும் போட்டிருந்தார்கள். அவள் உரக்கப் படித்தாள்:

"சரிந்தது. பால்பானை மேடு, கிழக்கு. நான் திரும்பிய இடத்தில் உடைந்தது. நாங்கள் மூன்று பேர், மூவரும் வெளியே நிற்கிறோம், வேறு யாரும் அங்கே இல்லை. மேலே இன்னும் ஒரு துண்டு தொங்குகிறது, தயவுசெய்து யாரையும் அனுப்ப வேண்டாம். யாராவது பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஷிராதோரி மினாகோ, கூட வந்த இருவர் சார்பிலும்."